மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளும் மாண்டிசோரி அம்மையாரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

மாண்டிசோரி என்னும் பெயரை அறியாத பெற்றோர் இன்று நம் நகரங்களில் இருக்க மாட்டார்கள். பல பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் அப்பெயர் இருக்கிறது. வண்ணம் பூசிய சுவர், வேன், சீருடை, ஆங்கிலப் பாட்டு, பெருங்கட்டணம் ஆகியவற்றோடு சேர்த்தே அப்பெயரை நினைக்கப் பழகிவிட்டோம். அப்பெயருக்கு உரியவர் ஒரு பெண்மணி என்பதும், அவர் மருத்துவம் படித்தவர் என்பதும், அவருடைய கல்விமுறைக்கு வித்து விழுந்த இடம் ஒரு மனநோயாளர் விடுதி என்பதும் பலருக்குத் தெரியாது. சென்ற ஆண்டு வரை எனக்கும் தெரியாது.

என் தம்பிக்கு ஒன்பது வயது. மூன்று வயது வரை அவன் நடக்கவில்லை. இன்றும் நாலைந்து சொற்களுக்கு மேல் பேச வராது. அவனுக்கு ஐந்து வயதானபோது அம்மா அவனைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார். பலகையில் மாண்டிசோரி என்று எழுதியிருந்தது. நானும் உடன் போயிருந்தேன். இந்த மாதிரிப் பிள்ளைகளை இங்கே சேர்ப்பதில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் தம்பிக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தார். பின்னொரு நாள் நம் கல்லூரி நூலகத்தில் மாண்டிசோரி அம்மையார் எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பு ஒன்று என் கைக்குக் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தொடக்கத்திலேயே, அந்த மாதிரிப் பிள்ளைகள்தாம் வந்தார்கள். அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியில், அங்கோனா நகருக்கு அருகில் உள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். பெற்றோருக்கு ஒரே குழந்தை. 1875இல் குடும்பம் தலைநகர் ரோமுக்குக் குடியேறிற்று. அக்காலத்தில் படித்த பெண்ணுக்கு இருந்த ஒரே மதிப்பான வேலை ஆசிரியைப் பணி. மகளும் அப்பணிக்கே போக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மரியாவோ ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணக்குப் படித்தார். பொறியியல் படிக்கப்போவதாகச் சொன்னார். பிறகு மருத்துவம் என்றார். தந்தை தடுத்தார். தாய் மகள் பக்கம் நின்றார். பின்னாளில் ஊர் பேசும் குழந்தையியல் அறிஞரான இந்த அம்மையார், இளமையில் ஆசிரியை வேலை மட்டும் வேண்டாம் என்று அடம்பிடித்தவர் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

1890இல் ரோம் பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவியாகச் சேர்ந்து, அப்படிப்பை முடித்த பின்னரே மருத்துவ வகுப்புக்குப் போனார். உதவித்தொகை பெற்றும், பிற பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தும் செலவைச் சமாளித்தார். ஆடவரோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையன்று எனக் கருதப்பட்டதால், வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, மாலை வேளையில் தனியாக அவர் அறுவைக்கூடத்தில் நின்று பயில வேண்டியிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் பார்மலின் ஜாடியின் மூடியைத் திறந்தாலே நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறோம். பகல் வெளிச்சமும் துணைக்குத் தோழியரும் இருந்தும் எங்கள் வீரம் அவ்வளவுதான்! 1896இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று சில நூல்களில் எழுதியிருக்கிறது. அவருக்கு முன்பே ஒரு சிலர் அப்பட்டம் பெற்றிருக்கிறார்கள். முதல்வர்களில் ஒருவர் என்பதே சரி.

பட்டம் பெற்ற மறு ஆண்டில் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் ஊதியமின்றிப் பணிபுரிந்தார். ஆய்வுக்கு உரிய நோயாளிகளைத் தேடி நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கேதான் அவர் குழந்தைகளைக் கண்டார். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கெனத் தனி இடம் இல்லாத காலம் அது. பெரியவர்களான மனநோயாளிகளோடு சேர்த்து அவர்களையும் பூட்டி வைத்திருந்தார்கள். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். வெறும் சுவர்கள் மட்டுமே உள்ள ஓர் அறையில் சில பிள்ளைகள் அடைக்கப்பட்டிருந்தனர். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று பணிப்பெண் அருவருப்போடு காட்டினாள். மாண்டிசோரி சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் கையில் எடுத்துப் பார்க்க அந்தத் துணுக்குகளைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பிள்ளைகள் பொறுக்கியது வயிற்றுப் பசிக்காக அன்று. தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, விரல்களுக்கு ஒரு வேலை கொடுக்க என்பது அவருக்கு விளங்கிற்று. அதே பிள்ளைகளை அதே அறையில் நாள்தோறும் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இப்பிள்ளைகளைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினார். பிரான்சு நாட்டு மருத்துவர் இருவரின் எழுத்துகள் கிடைத்தன. ஒருவர் இத்தார். தென் பிரான்சின் காடுகளில் தனியே திரிந்து 1800ஆம் ஆண்டில் பிடிபட்ட ஒரு சிறுவனைப் பாரிசில் தம் பொறுப்பில் வைத்துப் பல ஆண்டுகள் பயிற்றியவர். அச்சிறுவன் கடைசிவரை பேச்சுக் கற்கவில்லை. இத்தார் தோற்றுவிட்டதாகவே தம்மை நினைத்துக்கொண்டார். மற்றொருவர் செகேன், இத்தாரின் மாணவர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கெனவே பாரிசில் பள்ளி நடத்தி, பின் அமெரிக்காவுக்குச் சென்றவர். தசைக்கும் புலன்களுக்கும் முதலில் பயிற்சி கொடு, அறிவுக்குப் போகும் வழி அதுவே என்பது செகேனின் கொள்கை. அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் ஒன்று ஐரோப்பாவில் எங்கும் அகப்படவில்லை. கடைசியில் நியூயார்க்கில் ஒரு மருத்துவர் கழித்துப் போட்ட பழைய நூல்களிடையே ஒரு படி கிடைத்தது. ஓர் ஆங்கிலப் பெண்மணியின் துணையோடு அதை மாண்டிசோரி படித்தார். இத்தார், செகேன் இருவரின் பிரெஞ்சு எழுத்துகளையும் இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கைப்படவே முழுவதும் எழுதி வைத்துக்கொண்டார். எழுத எழுத ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து எண்ணிப் பார்க்கலாம் என்பதற்காகவாம்.

1898இல் டூரின் நகரில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் பேசினார். மனவளர்ச்சி குன்றியமை முதன்மையாக மருத்துவத்தின் சிக்கல் அன்று, கல்வியின் சிக்கல் என்பதே அவர் வாதம். மருத்துவரே மருந்தால் ஆகாது என்று சொல்வது எளிதான செயலா? ஆனால் அப்படிச் சொன்னதால்தான் அப்பிள்ளைகள் நோயாளிகள் என்ற நிலையிலிருந்து மாணவர்கள் என்ற நிலைக்கு வந்தார்கள். அவர்களுடைய நலத்துக்காக அமைந்த சங்கத்தின் சார்பில் அவர் ஊர் ஊராகச் சென்று உரையாற்றினார். 1900இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. மாண்டிசோரியும், உடன் பணிபுரிந்த மருத்துவர் மொந்தெசானோவும் அதன் இயக்குநர்கள். பயிற்சிக்கென அங்கேயே பிள்ளைகளின் வகுப்பு ஒன்றும் நடந்தது.

இயக்குநர் என்றால் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திடுபவர் என்று எண்ண வேண்டா. காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை அவரே பிள்ளைகளோடு இருந்தார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி வைத்து வகைப்படுத்தினார். செகேனின் கருவிகளை மாற்றியும் புதியன செய்தும் பார்த்தார். சட்டகத்தில் துணி மாட்டிப் பித்தான் போடவும் கயிறு கோக்கவும் பழக்கினார். மரத்தில் எழுத்துகள் செய்து, உயிரெழுத்துக்கு ஒரு வண்ணமும் மெய்யெழுத்துக்கு ஒரு வண்ணமும் தீட்டி, பிள்ளையின் விரலை அதன்மேல் எழுதும் போக்கிலேயே நகர்த்தச் செய்தார். கண் மறந்தாலும் விரல் மறவாது என்பது அவருடைய அனுபவம்.

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நான் பலமுறை படித்தேன். அவளுக்குக் கையில் வலு இருந்தது. ஆனால் தையலின் முதற்படி கூட வரவில்லை. ஊசியை மேலும் கீழுமாக நுழைக்க எத்தனை முறை காட்டியும் பயனில்லை. மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டார். காகிதப் பட்டைகளை மேலொன்று கீழொன்றாக நுழைத்துப் பாய் பின்னும் விளையாட்டைக் கொடுத்தார். சிறுமி அதில் ஆழ்ந்தாள். அது நன்றாகப் படிந்த பிறகு மறுபடி ஊசியைக் கொடுத்தபோது அவள் தைத்தாள். ஊசியைத் தொடாமலே தையலுக்கு உரிய அசைவுகள் கைக்கு வந்துவிட்டன. ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்கு முன், அவ்வேலைக்குக் கையைத் தயார் செய்ய வேண்டும் என்பதை அச்சிறுமியிடமிருந்தே தாம் கற்றதாக அம்மையார் கூறுகிறார்.

என் அம்மா பூக்கட்டி விற்பவர். தம்பிக்கும் அதைப் பழக்கிவிட்டால் பின்னாளில் பிழைத்துக்கொள்வான் என்று அவருக்கு ஆசை. அவனோ மொட்டுகளைக் கசக்கிவிடுவான். அம்மா கையைத் தட்டுவார், அவன் அழுவான், பூவும் வீண். மேற்சொன்ன பகுதியைப் படித்த வாரம், துடைப்பத்து ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக ஒடித்து, வாழைநாருக்குப் பதில் தடித்த நூலைக் கொடுத்து, இருபுறமும் இரண்டிரண்டு வைத்துச் சுற்றக் காட்டினேன். நான்கு மாதமாகிறது. முடிச்சு இன்னும் தளர்வாகத்தான் விழுகிறது. ஆனால் சுற்றுகிறான். ஒரு நாள் அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அம்மா அன்று ஒரு முழம் பூவைக் கட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோம் பள்ளிக்குத் திரும்புவோம். அப்பிள்ளைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வில் அமர்ந்து தேறினார்கள். ஊரே வியந்தது. அதிசயம் என்றார்கள். மாண்டிசோரியின் மனம் வேறு திசையில் போயிற்று. நல்ல வளர்ச்சியுள்ள பிள்ளைகளை இவர்களோடு ஒப்பிடும் அளவுக்குத் தாழ்த்தி வைத்திருப்பது எது என்று அவர் கேட்டுக்கொண்டார். பெஞ்சில் அசையாமல் உட்கார வைத்து, பரிசும் தண்டனையும் காட்டி நடத்தும் பொதுப்பள்ளியை அவர் ஐயுறத் தொடங்கியது இங்கேதான்.

அவருடைய வாழ்க்கையை எழுதியோர் நெடுங்காலம் தொடாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. 1898இல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை, உடன் பணிபுரிந்த மொந்தெசானோ. திருமணம் நடக்கவில்லை. மணமாகாத தாய் என்பது வெளியே தெரிந்தால் அன்றைய இத்தாலியில் அவருடைய படிப்பும் பணியும் ஒரே நாளில் அழிந்திருக்கும். மரியோ என்னும் அக்குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளரக் கொடுக்கப்பட்டது. தாய் யார் என்று சொல்லிக்கொள்ளாமலே அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தார். ஊர்ப் பிள்ளைகளோடு பகலெல்லாம் இருந்தவர், பெற்ற பிள்ளையை விருந்தாளிபோலப் பார்த்து வந்தார். இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமையென்று சொல்லவும் வரவில்லை. 1901இல் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அதே ஆண்டில் மாண்டிசோரி அப்பள்ளியை விட்டு விலகினார்.

விலகியவர் மறுபடியும் மாணவியானார். மெய்யியல், உளவியல், மானிடவியல் என்று பல்கலைக்கழகத்தில் மீண்டும் படித்தார். 1904 முதல் அங்கேயே விரிவுரையாளராகவும் இருந்தார். இந்த ஆறாண்டுகளில் சொல்லுதற்குப் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை.

ரோமின் புறநகரில் சான் லொரென்சோ என்னும் பகுதி இருந்தது. 1880களில் கட்டடத் தொழில் கொழித்தபோது முதலாளிகள் அங்கே வானளாவ அடுக்கு வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். பணம் முடங்கியதும் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள். கதவில்லாத, குழாயில்லாத அக்கட்டடங்களில் வீடற்றவர்கள் புகுந்தார்கள். ஓர் அறையில் ஒரு குடும்பம், அவ்வறையின் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்தவர் வேறொருவர் என்று வாழ்ந்தார்கள். பிறகு நிலக் கழகம் ஒன்று அக்கட்டடங்களை வாங்கிப் பழுது பார்த்து, உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களைக் குடியமர்த்தியது. தந்தையும் தாயும் கூலிக்குப் போய்விடுவார்கள். அண்ணன் அக்காமார் பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆறு வயது நிரம்பாத பிள்ளைகள் பகலெல்லாம் மாடிப்படிகளில் திரிந்து சுவரைக் கிறுக்கி, சுண்ணாம்பைப் பெயர்த்து வந்தார்கள். பழுது பார்க்கும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டே அப்பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துக் காக்கலாமே என்று கழகத்தின் தலைவர் தலாமோ எண்ணினார். மாண்டிசோரியைக் கேட்டார். சுவரைக் காக்கப் பிறந்த திட்டம் அது. பிள்ளைகளுக்கு நன்மையாக முடிந்தது அம்மையாரின் கைவண்ணம்.

1907 சனவரி 6ஆம் நாள் மார்சி தெரு 58ஆம் எண் கட்டடத்தின் ஓர் அறையில் முதல் குழந்தைகள் இல்லம் தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். வெளுத்த முகம், அழுத கண், அச்சம். பள்ளிச் சாமான்களுக்குக் கழகத்தில் பணம் ஒதுக்கவில்லை. ஓர் அலுவலகத்துக்கு வாங்குவதுபோல மேசையும் அலமாரியும் மட்டுமே வாங்க முடிந்தது. தம் பழைய பிள்ளைகளுக்காகச் செய்த கருவிகளையே மாண்டிசோரி கொண்டுவந்து வைத்தார். பெரிய பயிற்சி பெற்ற ஆசிரியை கிடைக்கவில்லை. எளிய பெண் ஒருவரே பொறுப்பேற்றார். அதுவே நல்லதாயிற்று என்று அம்மையார் பின்னர் எழுதினார்.

அந்த இல்லத்தின் விதிகளைப் பார்த்தால், பிள்ளையோடு குடும்பத்தையும் அவர் சேர்த்தே எண்ணியது தெரியும். கட்டணம் கிடையாது. ஆசிரியை அதே குடியிருப்பில்தான் குடியிருக்க வேண்டும். தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்கலாம். பிள்ளையைத் தூய்மையாக அனுப்புவதும், வாரம் ஒரு முறையேனும் ஆசிரியையிடம் வந்து பேசுவதும் அவர்களுடைய கடமை. அழுக்காக அனுப்பினால் பிள்ளை திருப்பி அனுப்பப்படும். இந்தக் கடைசி விதி மட்டும் எனக்கு உறுத்துகிறது. தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தாய்க்கு அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆயினும், அத்தாயைப் பள்ளியின் பங்காளியாக நினைத்துக் கடமை வகுத்ததும் ஒரு மதிப்புத்தானே!

அந்த அறையில் அவர் கற்பித்ததை விடக் கண்டது மிகுதி. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையின் குழிகளில் அளவுக்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடி ஆடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல் செய்துவிட்டு, உறங்கி எழுந்தவள்போல மகிழ்ச்சியோடு சுற்றிலும் பார்த்தாள். இன்னொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எடுத்து ஓசையின்றிச் சிந்திக் காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார், அவர்களோ கைதட்டினார்கள். மூக்கொழுகுகிறது என்று நாள்தோறும் எல்லாரும் அவர்களைத் திட்டினார்களே ஒழிய, என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர்கூட அதுவரை பொறுமையாகச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். பிள்ளைகள் தாங்களே கருவிகளை எடுத்து வேலையில் ஆழ்ந்திருந்தார்கள். திருட்டு என்றார் ஆசிரியை. தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டது என்றார் அம்மையார். அது முதல் பூட்டிய அலமாரி போய், பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற திறந்த தட்டுகள் வந்தன.

எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் முதலில் அவருக்கு இல்லை. அத்தனை சிறுவயதில் அது வேண்டா என்று நினைத்தார். கேட்டவர்கள் தாய்மார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வந்து, பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும்படி வேண்டினார்கள். கேட்ட அத்தாய்மாருக்கு எழுத்தறிவு இல்லை. என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அந்த இரண்டு மூன்று பேரின் முகத்தை என்னால் கற்பனை செய்துகொள்ள முடிகிறது. மர எழுத்துகள் செய்யப் பணமில்லை. அட்டையிலும் தாளிலும் எழுத்துகளை வெட்டினார்கள். உப்புத்தாளில் எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவச் செய்தார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகக் கண்ட வழி, ஏழைப் பிள்ளைகளின் வறுமைக்கு ஏற்ப இன்னும் எளிதாயிற்று.

அவ்வாண்டு திசம்பரில், வெயில் காய்ந்த ஒரு நாள், மொட்டைமாடியில் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். பிறகு திடீரெனத் தரையில் கை என்னும் சொல்லை எழுதினான். எழுதிவிட்டேன் என்று கூவினான். மற்றவர்களும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டார்கள். அதுவரை எவரும் அவர்களுக்கு எழுதச் சொல்லித் தந்ததில்லை; விரல்கள் மட்டும் தயாராகியிருந்தன. அதன்பின் வீட்டிலும் ஓயவில்லை. தரையெல்லாம் எழுத்து; ரொட்டியின் மேலோட்டிலும் எழுத்து. ரொட்டியையாவது காப்பாற்றத் தாய்மார்கள் தாளும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்களாம்.

1908 திசம்பர் 28இல் மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரையும் பேச்சையும் இழந்து, பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய அறுபது பிள்ளைகள் ஒரு கன்னிமாடத்தில் இதே முறையில் வளர்ந்து தேறினார்கள்.

பிறகு புகழ் வந்தது. 1909இல் வெளியான நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா அவரை அரசியைப்போல வரவேற்றது. 1912இல் தாய் மறைந்த பின்னர், பதினைந்து வயதை எட்டிய மரியோ அவரோடு வந்து சேர்ந்தார்; ஆனால் உறவுப் பையன், வளர்ப்பு மகன் என்றே வெளியே அறிமுகம். புகழோடு சில குறைகளும் வந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. தம்மிடம் பயிற்சி பெற்றவரே தம் முறையைக் கற்பிக்கலாம் என்றார். கருவிகள் உரிமம் பெற்றவர்கள் விற்கும் விலையுயர்ந்த பொருள்களாயின. அட்டையை வெட்டித் தொடங்கிய முறை, பணம் உள்ளவரின் முறையாக மாறத் தொடங்கியது இங்கேதான் என்பது என் எண்ணம். முசோலினியின் ஆதரவையும் 1924 முதல் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளைப் போருக்குப் பழக்கும் அவ்வாட்சியோடு ஒத்துப்போக முடியாது என்று விலகியது 1934இல். பத்தாண்டுகள் பிந்திய விலகல்! அவருடைய பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன. இசுபெயினுக்குப் போனார், 1936இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து ஆலந்து.

1931 அக்டோபரில் இலண்டனில் காந்தியடிகள் அவருடைய பயிற்சிக் கல்லூரிக்கு வந்திருந்தார். இத்தகைய கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, ஒன்றுமில்லாத ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வழிகாண வேண்டும் என்று அடிகள் அங்கே தம் நம்பிக்கையைத் தெரிவித்தார். சான் லொரென்சோவில் தொடங்கியவரிடம் அதைச் சொல்ல வேண்டி வந்ததே என்று நினைத்தேன். ஆனால் இன்றைய நம் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால், காந்தியடிகள் சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

1939 நவம்பரில், அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, மரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஓலைக்கொட்டகைகளில் வகுப்பு. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறக்குறைய முந்நூறு பேர் வந்திருந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களில் இத்தாலி போரில் இறங்கிற்று. ஒரே நாளில் இருவரும் பகைநாட்டவர் ஆனார்கள். 1940 சூனில் மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஆணை. ஆகஸ்ட் 31 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் இருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் பொதுவில் சொல்லாத சொல்லை அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். சிறு பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் ஒன்றாய்ப் படிக்கும் பள்ளி ஒன்று அங்கே அவருடைய பார்வையில் நடந்தது. மரம், செடி, பூச்சி, பாறை என்று மலையில் கிடைத்தவையே பாடப்பொருள்கள். போர் முடிந்து 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற இந்திய ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அமைதிக்கான நோபல் பரிசுக்கு 1949 முதல் மூன்றாண்டுகள் அடுத்தடுத்து அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை.

1952 மே 6ஆம் நாள் ஆலந்தின் கடற்கரையூரான நூர்த்வைக்கில் இருந்தார். வயது எண்பத்தொன்று. ஆப்பிரிக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப் போவதைப் பற்றி மரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். உடம்பு தாங்காது என்று மரியோ தடுத்தார். அவர் எழுந்து சற்று அப்பால் போன நேரத்தில் அம்மையாரின் உயிர் பிரிந்தது. அவ்வூரிலேயே அடக்கம் செய்தார்கள். உயிலைத் திறந்து பார்த்தார்கள். தம் உடைமைகளை எல்லாம் மரியோவுக்கே விட்டிருந்தார். அவரைத் தம் மகன் என்றே அதில் எழுதியிருந்தார்.